பறக்காத விதை பிழைக்கும்: வாசகர் கேள்வி பதில்

கட்டட விரிசலிலும் சாலை ஓரத்திலும் யாரும் நடாமலே முளைக்கும் செடிகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த மாதம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தாவரவியல் படித்தவர், பழைய கட்டடங்களைச் சீர்செய்பவர், நாற்றுப் பண்ணை நடத்துபவர் மூவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: நகரத்தில் வளரும் செடிகள் பறக்கும் விதையைக் குறைத்துக்கொள்கின்றன என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். கீழே இருப்பது சிமெண்ட் என்று செடிக்கு எப்படித் தெரியும்? கோலாலம்பூரிலும் இது நடக்குமா?
வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

செடிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. எந்த விதை மண்ணில் விழுந்தது, எது தாரில் விழுந்து வீணானது என்ற கணக்கே போதும். அந்தக் கணக்கு வருடா வருடம் ஒரே பக்கம் சாய்ந்தால் சில தலைமுறையில் வம்சமே மாறிப்போகும்.

நீங்கள் கேட்டது தென் பிரான்சில் உள்ள மோன்பெலியே நகரத்து ஆய்வாகத்தான் இருக்கும். க்ரெப்பிஸ் சாங்டா என்ற மஞ்சள் பூச்செடி அங்கே நடைபாதை மரங்களைச் சுற்றி விட்டிருக்கும் சின்னச் சின்ன மண் சதுரங்களில் வளர்கிறது. இதன் ஒரே பூந்தலையில் இரண்டு விதமான விதைகள் உண்டு. நடுவில் இருப்பவை இலேசானவை, தலையில் பஞ்சுக்குடையோடு காற்றில் போகும். விளிம்பில் இருப்பவை கனமானவை, குடை கிடையாது, தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். பியேர்-ஒலிவியே ஷெப்துவும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த மண் சதுரத்திலேயே ஊன்றிக்கொள்ளும் வாய்ப்பு குடை விதைக்கு மற்றதைவிட 55 விழுக்காடு குறைவு. பறந்தவற்றில் பெரும்பகுதி சிமெண்ட்டில் விழுந்து அழிந்தது.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் முக்கியம். நகரத்து விதையையும் திறந்த வெளிகளில் எடுத்த விதையையும் ஒரே கண்ணாடிக் குடிலில் ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள். அங்கேயும் நகரத்து வம்சம் குடையில்லாத விதையைக் கூடுதல் விகிதத்தில் போட்டது. அப்படியானால் மாற்றம் மண்ணாலோ தண்ணீராலோ வந்ததல்ல, பரம்பரையில் ஏறிவிட்டது. அதற்கு 5 முதல் 12 தலைமுறை போதுமாயிருந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் செடி என்பதால் அதையே ஆண்டுக் கணக்காகவும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு வருவோம். ஜாலான் துன் சம்பந்தன் மாதிரியான சாலையில் நடைபாதை மரத்தடியைப் பார்த்தால் மோன்பெலியேவின் அதே அமைப்புதான்: ஒரு மீட்டர் மண், சுற்றிலும் கல். இரண்டு வித்தியாசம் உண்டு. ஒன்று, இங்கே குளிர்காலம் இல்லை. வெட்டுக்காயப் பூண்டு, முயல்செவி போன்ற களைகள் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை காண்கின்றன, ஆகவே தேர்வும் வேகமாக நடக்க இடமிருக்கிறது. இரண்டாவது இதற்கு நேர் எதிரானது. ஒப்பந்தக்காரர் முதுகில் புல்வெட்டும் மேசினை மாட்டிக்கொண்டு வந்து மரத்தடியைச் சுத்தமாக வழித்துவிட்டுப் போகிறார், சில இடத்தில் மருந்தும் அடிக்கிறார். மண் சதுரமே அடிக்கடி காலியாகிறது என்றால், எல்லா விதையையும் காலடியில் போட்ட செடி ஒட்டுமொத்தமாகப் போய்விடும். அங்கே பறந்து போன விதைதான் வம்சத்தைக் காப்பாற்றும். நெடுநாள் தொந்தரவு இல்லாமல் கிடக்கும் மண் துண்டில் வீட்டோடு இருப்பவை ஜெயிக்கும். ஓராண்டு, ஈராண்டு மட்டும் காலியாகக் கிடக்கும் கட்டுமான நிலத்தில் பறப்பவை ஜெயிக்கும். தகரத் தடுப்புக்குப் பின்னால் முதலில் வெள்ளைப் பஞ்சாக லாலாங் புல் நிற்பது அதனால்தான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நகரத்துச் செடிகளில் பெரும்பாலானவை நகரத்துக்காக மாறியவை அல்ல. வேறு இடத்துக்கென்று அமைந்த பழக்கம் இங்கே தற்செயலாகப் பொருந்திப்போனதால் தங்கியவை. சாலை விளிம்புக் கல்லும் தாரும் சேரும் இடத்தில் குனிந்து பாருங்கள். வண்டிகளின் காற்று தாரில் கிடக்கும் விதையை உருட்டிக்கொண்டே வந்து அந்தக் கல்லில் மோதவிடுகிறது. அங்கே ஒரு விரல் அகலத்துக்குத் தூசியும் மணலும் தேங்கியிருக்கும், மழை நீரும் அந்த வழியாகத்தான் லோங்காங் என்ற சாக்கடைக் கால்வாய்க்குப் போகும். செடிகள் கோடு கிழித்ததுபோல் நேர்வரிசையில் நிற்பது இதனால். லோங்காங் மூடியின் கம்பி இடுக்கைத் தாண்டி விழுந்தவை தண்ணீரோடு போய்விடும்.

கேள்வி: ஜார்ஜ்டவுனில் எங்கள் குடும்பத்தின் பழைய கடைவீடு. மாடிச் சுவரிலும் கூரைத் தண்ணீர்த் தகரத்திலும் அரசங்கன்று முளைத்துக்கொண்டே இருக்கிறது. வெட்ட வெட்ட வருகிறது. என்ன செய்வது?
வாசகி, பினாங்கு

வெட்டுவதால்தான் வருகிறது. அரசு, ஆல், இச்சி எல்லாம் ஒரே குடும்பம். இவை காட்டில் பாறை முகட்டிலும் வேறு மரத்தின் கிளைச் சந்திலும் முளைத்துப் பழகியவை. பத்து மலையின் சுண்ணாம்புப் பாறையில் வேரைத் தொங்கவிட்டு நிற்பவற்றைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய உங்கள் சுவர் அவற்றுக்கு இன்னொரு பாறை.

விதை கொண்டுவருவது மைனா, சின்னான், பச்சைப்புறா, பழந்தின்னி வௌவால். பழத்துக்குள் விதை கடுகைவிடச் சிறியது, மேலே வழவழப்பான பசை. எச்சத்தோடு சுவரில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து எறும்பு இன்னும் உள்ளே விரிசலுக்கு இழுத்துப் போவதும் உண்டு. ஆகவே பறவை உட்காரும் இடத்துக்கு நேர் கீழேதான் கன்று வரும்: பயன்படாத கம்பி, ஆன்டெனா, ஓட்டின் முகடு. பழைய கம்பியையும் ஆன்டெனாவையும் கழற்றுவதே பாதி வேலையைக் குறைக்கும்.

அகற்றும் முறை கன்றின் வயதைப் பொறுத்தது.

பென்சிலைவிட மெல்லிய தண்டு, ஒரு சாணுக்குள் உயரம் என்றால், நல்ல மழை பெய்த மறுநாள் அடியைப் பிடித்து மெதுவாக ஆட்டி வேரோடு எடுங்கள். வேர் அறுந்து உள்ளே தங்கினால் மறுபடி துளிர்க்கும், அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர் சுவருக்குள் போய்விட்டதென்றால் இழுக்கவே கூடாது. சாந்தும் செங்கல்லும் சேர்ந்து வரும். தண்டை 5 முதல் 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, வெட்டிய முகத்தில் களைக்கொல்லியைச் சின்னத் தூரிகையால் தடவ வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் தடவுவது கட்டாயம், தாமதித்தால் பால் கசிந்து உறைந்து முகத்தை மூடிவிடும், மருந்து உள்ளே இறங்காது. பால் வழிந்தால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தடவுங்கள். தடிப்பான தண்டில் நடுக்கட்டையில் ஊற்றிப் பயனில்லை, பட்டைக்கு உட்புறம் உள்ள ஈர வளையத்தில் படவேண்டும். கிளைஃபோசேட் என்றால் டப்பாவில் வெட்டுக்கட்டைக்கு என்று போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். தெளிப்புக்கான நீர்த்த கலவை இதற்குப் பற்றாது, பலர் தோற்பது இங்கேதான். கையுறை போடுங்கள். மழை வரும் மாலையில் செய்யாதீர்கள்.

பிறகு 4 முதல் 6 வாரம் தொடாமல் விடுங்கள். துளிர் வந்தால் மறுபடி வெட்டித் தடவ வேண்டும். கட்டை காய்ந்து பட்டை கழன்ற பிறகே வேரைச் சுரண்டி எடுத்து விரிசலை அடைக்கலாம். அடைப்பதற்குச் சிமெண்ட் வேண்டாம். பழைய சுவர் ஈரத்தை வெளியே விடும் சுவர். சிமெண்ட் அதை அடைத்துவிடும், ஈரம் பக்கத்தில் தேங்கி அங்கே புது விரிசல் விடும், அடுத்த கன்றுக்கு இடம் தயார். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சுத்தமான மணல் 3 பங்கு. பூசிய பின் சில நாள் ஈரச்சாக்கு போட்டு வைத்தால் வெடிக்காமல் இறுகும். கடல் மணல் கூடாது.

உப்பும் வினிகரும் ஊற்றச் சொல்லும் யோசனை கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வினிகர் சுண்ணாம்பை அரிக்கும். உப்பு சுவருக்குள் போய்க் காயும்போது பூத்துச் சாந்தை உதிர்க்கும். கன்று மட்டும் நன்றாகவே இருக்கும்.

வேர் தரை வரை இறங்கி மணிக்கட்டுத் தடிமனாகிவிட்டால் உங்கள் கையால் செய்யும் வேலை அல்ல. சில இடங்களில் சுவரை அந்த வேர்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மரபுடைமைக் கட்டட வேலை தெரிந்தவரை அழையுங்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வட்டாரத்துக்குள் உங்கள் கடை இருந்தால், சுவரில் கைவைப்பதற்கு முன் மாநகர் மன்றத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

அரசங்கன்றை அழிக்க மனம் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு சாணுக்குள் இருக்கும்போதே எடுத்துத் தேங்காய்நாரும் மணலும் கலந்த தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கோயில் நிலத்தில் கேட்டு வைக்கலாம், கட்டடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளி. பிள்ளையாருக்கு நிழல், உங்களுக்குச் சுவர்.

கூரைத் தண்ணீர்த் தகரத்தில் தேங்குவதை ஆண்டுக்கு இரண்டு முறையாவது வாரி எடுங்கள். அங்கே தேங்கும் சருகு மட்கித்தான் நாற்றங்கால் ஆகிறது.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் செரி பழ மரம் ஒன்று தானாக வளர்ந்திருக்கிறது. விடலாமா?
வாசகர், கெப்போங்

லோங்காங்கிலிருந்தும் மதிலிலிருந்தும் தள்ளி இருந்தால் விடுங்கள். சிமெண்ட் மேட்டிலும் வளர்ந்து நிழல் தரும் மரம் வேறு அதிகம் இல்லை. ஒவ்வொரு பழத்திலும் ஆயிரக்கணக்கில் பொடி விதை, பறவையும் வௌவாலும் அதைச் சுற்று வட்டாரம் முழுக்கக் கொண்டுபோகும். கிளை எளிதில் முறியும், காருக்கு மேல் நீளும் கிளையைக் கழித்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பழம் தின்ன வரும் பறவைகள் ஆல், அரசு விதையையும் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் வரும். மேலே உள்ள பதிலை உங்கள் கூரைக்கும் பொருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விதைப் பரவல் பற்றி அறிவியல் செயல்திட்டம் செய்ய வேண்டும். படம் ஒட்டுவதைத் தாண்டி, உண்மையாக அளக்கும்படி ஏதாவது சொல்ல முடியுமா?
வாசகி, செந்தூல்

முடியும். இரண்டு செடி போதும், இரண்டும் பள்ளி வேலியோரத்திலேயே கிடைக்கும்.

முதலாவது வெட்டுக்காயப் பூண்டு. சிலர் கிணற்றடிப் பூண்டு என்பார்கள், தாவரவியலில் ட்ரைடாக்ஸ். நீண்ட காம்பு, மஞ்சள் நடு, வெளிர்நிறத்தில் பல் வெட்டிய இதழ்கள். முற்றினால் சாம்பல் நிறப் பஞ்சு உருண்டையாகும். இரண்டாவது சினெட்ரெல்லா. நிழலும் ஈரமும் உள்ள மதிலோரத்தில் இலைக்கக்கத்தில் சின்ன மஞ்சள் பூவோடு நிற்கும். இதைத்தான் மாணவர்கள் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். முற்றிய ஒரு பூந்தலையை வெள்ளைத் தாளில் உதிர்த்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். விளிம்பிலிருந்து வருபவை தட்டையானவை, ஓரமெல்லாம் ரம்பப் பல் போல் கிழிந்த இறக்கை. நடுவிலிருந்து வருபவை ஒல்லியானவை, தலையில் இரண்டு விறைப்பான முள், துணியில் குத்தி ஒட்டும். மோன்பெலியே செடி மாதிரியே ஒரே தலையில் இரண்டு வகை. முதல் பயிற்சி எண்ணுவதுதான்: தலைக்கு எத்தனை தட்டை, எத்தனை முள்.

இரண்டாவது பயிற்சி வெட்டுக்காயப் பூண்டின் விழும் வேகம்.

நடைபாதை மரத்தடி போன்ற சின்ன மண் துண்டுகளில் 10 செடி, திடல் போன்ற திறந்த இடத்தில் 10 செடி தேர்ந்தெடுங்கள். செடிக்குச் செடி 5 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், பக்கத்துப் பக்கத்தில் எடுத்தால் எல்லாம் உடன்பிறப்பாக இருந்துவிடும். காலை பத்து மணிக்கு மேல், பனி உலர்ந்து பஞ்சு விரிந்த பிறகு, செடிக்கு மூன்று தலை பறியுங்கள். காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், பஞ்சும் சுருங்கிவிடும். இரண்டு மூன்று நாள் அறையில் உலரட்டும்.

சுவரில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கோடு போடுங்கள். மின்விசிறியை நிறுத்தி, சன்னல் கதவைச் சாத்தி, இடுக்கியால் ஒரு விதையை அங்கிருந்து விடுங்கள். கைப்பேசியில் மெதுவோட்டப் படம் பிடித்தால் நேரம் துல்லியமாக வரும். பஞ்சு விதை விட்ட கணத்திலேயே நிலையான வேகத்துக்கு வந்துவிடும், ஆகவே 2-ஐ நேரத்தால் வகுத்தால் போதும். தலைக்கு ஐந்து விதை. ஒடிந்த பஞ்சு உள்ளதைக் கழித்துவிடுங்கள். இதிலும் விளிம்பு விதைகளுக்குப் பஞ்சு குட்டை, அவற்றைத் தனியாக எழுத வேண்டும், கலந்துவிட்டால் சராசரி கெடும்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு. விதை 4 விநாடியில் விழுந்தால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். 30 சென்டிமீட்டர் காம்பிலிருந்து விழ 0.6 விநாடி. காற்று விநாடிக்கு 2 மீட்டர் என்றால் போகும் தூரம் 1.2 மீட்டர். ஒரு மீட்டர் மண் சதுரத்திலிருந்து வெளியே தள்ள அதுவே போதும், ஆனால் அடுத்த மரத்தடிக்கு எட்டாது. நகரத்தில் பறப்பது ஏன் நட்டம் என்பதை மாணவர்கள் இந்த ஒரு வரிக் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். தாரின் வெப்பக் காற்று மேலே தூக்கினால் கணக்கு மாறும், அதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு இடத்துக்கும் வேறுபாடு வந்தால் உடனே “செடி மாறிவிட்டது” என்று அட்டையில் எழுத விடாதீர்கள். வறண்ட மண்ணில் வளர்ந்ததாலும் விதை சிறுத்திருக்கலாம். அந்த விதைகளை ஒரே மண் கலவையில், ஒரே வெயிலில், ஒரே அளவு தண்ணீரில் வளர்த்து அடுத்த தலைமுறை விதையை அளக்க வேண்டும். சுமார் இரண்டு மாதத்தில் பூத்துவிடும், ஒரு பள்ளி ஆண்டுக்குள் அடங்கும். பள்ளித் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்.

கேள்வி: பூச்செடித் தொட்டி எல்லாவற்றிலும் கீழாநெல்லி. ஒன்றைப் பிடுங்கினால் பத்து வருகிறது.
வாசகி, செத்தாப்பாக்

இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகக் காய் தொங்கும். ஒவ்வொரு காயிலும் மூன்று அறை, அறைக்கு இரண்டு என ஆறு விதை. முற்றிக் காய்ந்ததும் படீரென்று தெறித்துப் பக்கத்துத் தொட்டிக்குப் போகும். செடி ஒரு சாண் உயரும் முன்பே காய்த்துவிடுவதால், உங்கள் கண்ணில் படும்போது பாதி விதை போயிருக்கும். காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக, தண்டு சிவப்போடி இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. வழவழப்பான காய் சின்னக் காம்போடு இருந்தால் மருந்துக்குத் தேடும் பச்சை வகை. தொட்டியில் இரண்டும் ஒரே தொல்லை.

ஊர் ஊராக இதைக் கொண்டுபோவது தெறிப்பு அல்ல, நாற்று வியாபாரம். பண்ணையில் தொட்டிகள் நெருக்கமாக நிற்கின்றன, மேல்மண்ணில் விதை விழுகிறது, நீங்கள் ரோஜாவோடு அதையும் காசு கொடுத்து வாங்கி வருகிறீர்கள். புளியாரையும் அதே வழியாகத்தான் வருகிறது. புதுத் தொட்டி வாங்கியதும் மேல்மண்ணை 2 சென்டிமீட்டர் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புது மண் போடுங்கள். இரண்டின் விதையும் முளைக்க வெளிச்சம் தேடும், ஆகவே மேலே தேங்காய்மட்டைச் சில்லோ கூழாங்கல்லோ 3 முதல் 5 சென்டிமீட்டர் பரப்பினால் மிகவும் குறையும். மெல்லிதாகத் தூவினால் இடுக்கில் வெளிச்சம் போகும், பயனில்லை. தண்ணீர் ஊற்றிய பிறகு ஈரத்தில் பிடுங்குங்கள். காய்ந்த வெயிலில் கைபட்டாலே காய் வெடிக்கும். காய்த்த செடியை உரக்குழியில் போடாதீர்கள்.

பழைய மண்ணை மறுபடி பயன்படுத்துவதானால், ஈரமாக்கி, மெல்லிய நிறமில்லாப் பிளாஸ்டிக் பையில் ஒரு சாணுக்கு மேல் ஆழம் இல்லாமல் பரப்பி, வாய் கட்டி, நேர் வெயிலில் ஆறு வாரம் வையுங்கள். நம் ஊர் மதிய மேகத்துக்கு நான்கு வாரம் பற்றாது. பக்கத்து வீட்டுப் பாட்டி மருந்துக்குக் கீழாநெல்லி கேட்டால், பூச்சிமருந்து அடித்த தொட்டியிலிருந்து கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பட்டாசுக்காய் தண்ணீரில் போட்டால் ஏன் வெடிக்கிறது? என் மகன் கேட்கிறான்.
வாசகர், பட்டர்வொர்த்

ஊதாப் பூப் பூக்கும் கிரந்திநாயகத்தின் காய் அது. காய்ந்த காயின் இரண்டு பாதியும் வில்லைப் போல் விறைத்து நிற்கும், நுனியில் உள்ள ஒட்டு மட்டும் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த ஒட்டு விடுகிறது. உள்ளே ஒவ்வொரு விதைக்கும் அடியில் ஒரு கொக்கி உண்டு, அதுதான் விதையை வீசுகிறது. இதன் அமெரிக்க உறவு ஒன்றின் விதை விநாடிக்கு 1,600 சுற்றுக்கு மேல் சுழன்றபடி 7 மீட்டர் வரை போவதைப் படம்பிடித்து அளந்திருக்கிறார்கள். மழையில் வெடிப்பதால் விதை விழும் இடம் ஈரமாக இருக்கும். அதோடு, நனைந்த விதையைச் சுற்றிப் பசை மயிர் எழும்பிச் சுவரிலும் செருப்பிலும் ஒட்டும். லோங்காங் கரைச் சிமெண்ட் வெடிப்பில் இது வரிசையாக நிற்பது அந்தப் பசையால்தான். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இஸ்ரேல் புல் என்று திட்டும் அசிஸ்டேசியாவுக்கும் இதே கொக்கி இருக்கிறது. அது மட்டும் காய்ந்து வெடிக்கும், மதிய வெயிலில் நின்றால் சத்தம் கேட்கும்.

கேள்வி: தாமான் (குடியிருப்பு) ஓரத்து நெடுஞ்சாலையில் வளரும் பஞ்சுப்புல் எங்கள் தெருவுக்குள் வருகிறது. காற்றுதான் காரணமா?
குடியிருப்போர் சங்கம், சுங்கை பூலோ சாலை

காற்று பாதி, சக்கரம் பாதி. லோரி போகும்போது பின்னால் இழுபடும் காற்றிலும், டயர்ச் சந்தில் ஒட்டிய சேற்றிலும் விதை போகிறது. பெர்லினில் நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதைக்குள், வேறு வழியில் விதை வர வாய்ப்பில்லாத இடத்தில், பொறி வைத்துச் சேகரித்தபோது 204 இனச் செடிகளின் விதை கிடைத்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வு எல்லாவற்றையும் வண்டிகள் கணக்கில்தான் எழுதியது.

உங்கள் தெருவில் மூன்றாவது ஒரு வாகனத்தையும் கவனியுங்கள்: புல்வெட்டும் மேசின். ஓரிடத்தில் முற்றிய கதிரை வெட்டி, அடித்தட்டில் ஒட்டிய புல்லோடு அடுத்த தாமானுக்கு வருகிறது. ஒப்பந்தக்காரரிடம் இரண்டே இரண்டு கேளுங்கள். கதிர் பச்சையாக இருக்கும்போதே வெட்ட வேண்டும், பஞ்சு வந்தபின் வெட்டுவது விதைப்பதற்குச் சமம். வேலை தொடங்குமுன் மேசினின் அடித்தட்டைப் புல் உள்ள தாமானிலேயே தட்டித் துடைத்துவிட்டு வர வேண்டும். லாலாங் என்றால் வெட்டுவதால் சாகாது, தரைக்கடிக் கிழங்கு இருக்கும்வரை வரும். தோண்டினால் துண்டு ஒவ்வொன்றும் துளிர்க்கும்.

கதிர் நான்கைந்து விரல் மாதிரி விரிந்து தரையோடு படர்ந்தது என்றால் அது சம்பாவ் புல், கேழ்வரகுக்கு நெருங்கிய உறவு. காலடிச் சேற்றில் வரும். கிளைஃபோசேட்டுக்கு மசியாத சம்பாவ் புல் உலகில் முதன்முதலில் பதிவானதே மலேசியாவில்தான், 1997-இல். அடித்தும் சாகவில்லையென்றால் மருந்தைக் கூட்டாதீர்கள், ஈரத்தில் வேரோடு எடுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தேடி அலைய வேண்டாம், அது 2020 முதல் இந்நாட்டில் தடை.

கேள்வி: திடலில் விளையாடிவிட்டு வந்தால் காலுறை முழுக்க கெமுன்சுப் புல்லின் விதை. துவைத்தும் போகவில்லை.
வாசகி, பிறை

விதையின் கூர்முனையில் பின்னோக்கிச் சாய்ந்த மயிர்கள் இருக்கின்றன. முன்னே மட்டும் நகரும், பின்னே வராது. வால் பக்கத்தைப் பிடித்து இழுத்தால் ஒடிந்து முனை உள்ளேயே நிற்கும். காலுறையை உள்வெளியாகத் திருப்பி, கூர்முனையைப் பிடித்து அது போன திசையிலேயே இழுத்தால் சுலபமாக வரும். துவைப்பதற்கு முன் செய்யுங்கள். எடுத்ததை வாசலில் உதறாதீர்கள், குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். நாய் இருந்தால் விரலிடுக்கைப் பாருங்கள். ஒட்ட வெட்டிய இறுகிய திடலில்தான் கெமுன்சுப் ஜெயிக்கிறது. திடலில் வளர்க்கும் ரும்புட் லெம்பு புல்லை 5 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டினால் நிழலில் மெல்ல ஒடுங்கும்.

கேள்வி: தமிழ்நாட்டில் செய்வதுபோல் எங்கள் இளைஞர் மன்றத்தில் விதைப்பந்து உருட்டிச் சாலையோரக் காலி நிலத்தில் வீசலாம் என்று இருக்கிறோம். களிமண் 5, மட்கு 3, விதை 1 என்ற அளவு சரியா?
இளைஞர் மன்றம், செராஸ்

அளவு சரிதான், ஊர்தான் வேறு. விதைப்பந்து வறண்ட ஊருக்கானது. மழை வரும்வரை எறும்பும் வெயிலும் விதையைத் தொடாமல் களிமண் காக்கும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை, பந்து ஒரே மாலை மழையில் கரைந்துவிடும். முளைத்தாலும் லாலாங் நிழலில் நாற்று எழாது.

இதைவிடப் பெரிய சிக்கல் எந்த விதை பந்துக்குள் பிழைக்கும் என்பது. மெராந்தி போன்ற நம் காட்டு மரங்களின் விதையும், ரம்புத்தான், மங்குஸ்தான் விதையும் காய்ந்தால் செத்துவிடும். உருட்டி நிழலில் உலர்த்தும்போதே கதை முடிந்தது. நாள்கணக்கில் காய்ந்து கிடந்தும் முளைப்பவை சவுண்டல், அக்காசியா மங்கியம் போன்றவை. அவை ஏற்கனவே தாமாகப் பரவிக் காலி நிலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை. ஆகப் பந்து முறையே உங்களுக்குத் தெரியாமல் தவறான மரத்தைத் தேர்ந்து வீசும்.

அதே ஆட்களை வைத்துக் கன்று நடுங்கள். முதலில் நிலம் யாருடையது என்று கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பையில் வளர்ந்த 30 முதல் 45 சென்டிமீட்டர் கன்று, நீளம், அகலம், ஆழம் மூன்றும் 30 சென்டிமீட்டர் உள்ள குழி, அடியில் மட்கு. சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்கு லாலாங்கைக் கிழங்கோடு எடுத்து, அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து மேலே சருகு போடுங்கள். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகும், ஒரு கை அகலம் விடுங்கள். கம்பு நட்டுப் பளிச்சென்று வண்ணத்துணி கட்டவும் மறக்க வேண்டாம், புல்வெட்டும் மேசின்காரர் கண்ணுக்குப் படவேண்டும். நடும் நாளில் ஐம்பது பேர் வருவார்கள். அடுத்த ஓராண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புல் எடுக்க வரும் ஐந்து பேரின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, அவர்களால் பார்க்க முடிந்த அளவுக்கு மட்டும் கன்று வாங்குங்கள்.